தமிழில் படித்ததற்கும் தனிச்சான்றா?

வேலையில்லாத் துன்பம் வயிற்றோடு நிற்பதன்று. இளைஞனின் தன்மதிப்பையும் அரித்துத் தின்பது அது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அரசு கலைக் கல்லூரிகளில் சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழவர் மக்களும் கூலியாளர் மக்களும் பயின்று பட்டம் பெறுகின்றனர். அவர்கள் பெரிதும் நம்பியிருப்பது அரசுப் பணித்தேர்வையே.

அத் தேர்வின் நிலை யாது? 2022 சூலை 24-இல் நடந்த நான்காம் தொகுதித் தேர்விற்கு முதலில் அறிவிக்கப்பெற்ற இடங்கள் 7,301. பதிந்தோர் ஏறத்தாழ 22 இலக்கம் பேர். முடிவு வெளிவந்ததோ 2023 மார்ச்சில். முந்நூற்றுவர்க்கு ஓரிடம் என்றால், இடம் பெறாதவனை முயற்சியற்றவன் எனப் பழிப்பது முறையாகுமா? "இன்னுமா வேலை கிடைக்கவில்லை?" என்னும் வினாவிற்கு அஞ்சி, உறவினர் மணவீட்டிற்கும் செல்லாது ஒதுங்குவோர் எத்துணையர்! வேலைவாய்ப்பகத்திற் பதிந்து ஐந்தாண்டு கடந்தபின், வருவாய் குறைந்த குடும்பத்துப் பட்டதாரிக்குக் கிடைக்கும் உதவித்தொகை திங்களுக்கு 600 உருபா. நாளொன்றுக்கு 20 உருபா!

இந்நிலையில் தமிழ்வழிப் பயின்றோர்க்குக் கைகொடுப்பது 2010-ஆம் ஆண்டுச் சட்டம். அரசு நேரடியாக நிரப்பும் பணியிடங்களில் நூற்றுக்கு 20 அவர்கட்கு முன்னுரிமையாக அளிக்கப்பெற்றது. 'தமிழ் சோறு போடுமா?' என்று எள்ளியோர்க்கு அது தக்க விடை. பள்ளியில் ஆங்கிலவழிப் படித்துப் பட்டத்தை மட்டும் தமிழ்வழிப் பெற்றோரும் அவ்விடங்களிற் புகுந்தமையால், பள்ளிப்படிப்பும் தமிழ்வழியே இருத்தல் வேண்டுமெனப் பின்னர்ச் சட்டம் திருத்தப்பெற்றது. திருத்தம் நன்றே. ஆனால், அதை மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில்?

முதல் வகுப்புத் தொடங்கிப் படித்த பள்ளிதோறும் சான்று பெறவேண்டும். கரும்பு வெட்டவும் செங்கற்சூளையில் உழைக்கவும் ஊரூராய்ப் பெயர்ந்த பெற்றோரின் மகன் மூன்று நான்கு பள்ளிகளில் பயின்றிருப்பான். ஓரிடத்தில் தலைமையாசிரியர் விடுப்பு. மற்றோரிடத்திற் பழைய பதிவேடு அகப்படுவதில்லை. கணினிவழி வேண்டும் வசதி வந்தபின்னும், பதிவேட்டைப் புரட்டி உறுதிசெய்ய வேண்டியது பள்ளியே. நாட்கூலி இழந்து, பேருந்துக்குக் கடன் வாங்கி அலைபவன் தமிழில் படித்தவன். ஆங்கிலத்திற் படித்தவனுக்கு இவ்வலைச்சல் இல்லை. தமிழ்நாட்டில் தமிழைப் படித்ததே குற்றம்போல் அவன் வாயில்தோறும் நிற்கின்றான்!

பொய்ச்சான்று காட்டி இடத்தைக் கவர்வோர் உளரே என்பர். மெய்தான். அதனாலேயே ஆய்வு வேண்டும். ஆயின், ஆய்வது அரசின் கடமை. அலைவது ஏழையின் கடமையன்று. ஒவ்வொரு பள்ளியும் தரும் மாற்றுச் சான்றிதழிலேயே பயிற்றுமொழி குறிக்கப்படுகின்றது. அதனை அடுத்த பள்ளி வாங்கி வைத்துக்கொள்கின்றது. முன்னைப் பள்ளிகளின் பயிற்றுமொழியையும் இறுதிச் சான்றிதழில் சேர்த்தெழுதுவதற்கு ஒரு வரி போதும். ஐயமிருப்பின், தேர்வாணையமே கல்வித்துறையைக் கேட்டறியட்டும்.

அதுவரை, தலைமையாசிரியர்காள்! உங்கள் வாயிலில் நிற்பவன் இரப்பவனல்லன். தன் உரிமைக்கான தாளைக் கேட்பவன். அன்றே தேடி, அன்றே ஒப்பமிட்டுக் கொடுங்கள். நீங்கள் காலந்தாழ்த்தும் ஒருநாள் அவன் வாழ்வில் ஓராண்டாகலாம்.