பெரட்டு ஏடும் மின்னஞ்சல் பட்டியலும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில், பொழுது புலருமுன்னர்ப் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட காலம் ஒன்றுண்டு. மூடுபனியில் முகம் தெரியாது. கிராணியாரின் குரல் மட்டும் கேட்கும். கூப்பிட்ட பெயருக்கு மறுகுரல் கொடுப்பதொன்றே தொழிலாளியின் கடமை. ஏட்டில் தன் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது, அவ்வேடு யார் யார் கைக்குப் போகிறது என்பவற்றைக் கேட்கும் உரிமை அவனுக்கு இருந்ததாக ஒருவரும் கருதியதில்லை.

1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய பொழுது, மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் கங்காணி முறை உயிரோடிருந்தது. 1938இல் இந்திய அரசு குடியேற்றத்துக்குத் தடை விதிக்கும் வரை அது நீடித்தது. வேலைக்கு வந்து நின்ற ஆள் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. இலங்கைத் தோட்டங்களில் இக்கொடுமை இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கிற்று. தொழிலாளியின் கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்க்க இசையும் தோட்டத்துக்குக் கடனோடு ஆளும் கைமாறுவான். 1921இல்தான் சட்டம் அதனை ஒழித்தது.

இப்பழங்கதை இன்று எதற்கு என்று வினவலாம். பெயர்களைக் கேளாமல் திரட்டுவதும், திரட்டியவற்றைக் கைமாற்றுவதும், தலைக்கு இவ்வளவு எனக் கணக்கிடுவதும் கங்காணியோடு போய்விடவில்லை என்பதற்காகவே அதனைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிப் பரிசளிப்பு விழாவின் வாசலில் ஓர் ஏடு வைக்கப்படுகிறது. வருகை தந்தோர் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை எழுதுகின்றனர். கோயில் அன்னதானப் பற்றுச்சீட்டிலும், கல்வி உதவி விண்ணப்பத்திலும் அவ்வாறே. சில வாரங்கள் கழித்து அத்தாயின் கைப்பேசிக்குத் தனிவகுப்பு விளம்பரம் வருகிறது, பின்னர்க் காப்புறுதி, அதன் பின்னர் நேரடி விற்பனை. "இவர்களுக்கு என் முகவரி எங்ஙனம் கிடைத்தது?" என்று அவர் கேட்டால் விடை சொல்ல யாரும் இல்லை. மகளுக்குப் பரிசு கிடைத்த நாளில் மகிழ்ச்சியோடு எழுதிய முகவரி அது.

வணிகரை மட்டும் குறை கூறித் தப்பிக்க இயலாது. தமிழ் அமைப்புகளும் இவ்வழியில் நடக்கின்றன. நூல் வெளியீடா, நன்கொடை வேண்டுமா, கூட்டத்துக்கு ஆள் சேர வேண்டுமா, தலைமையாசிரியரிடம் பெற்றோர் பட்டியலைக் கேட்டால் போயிற்று. கேட்பவர் நண்பர், கேட்கும் காரியம் நல்ல காரியம், கொடுப்பதில் என்ன குறை? குறை இதுதான். அப்பட்டியல் தலைமையாசிரியரின் உடைமையன்று. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் செய்தி அனுப்புவதற்காகப் பெற்றோர் நம்பிக் கொடுத்த பொருள் அது. நோக்கம் நல்லதாயின் இசைவு வேண்டியதில்லை என்பார் வாதம், கங்காணியும் சொல்லியிருக்கக் கூடிய வாதமே. ஊரில் பட்டினி, கடல் கடந்தால் வேலை என்று அவனும் நன்மையைத்தானே எடுத்துச் சொன்னான்!

கேட்டால் எவரும் சேர மாட்டார், தோட்டத்து மக்கள் தயங்குவர் என்று மற்றொரு வாதம் உண்டு. இது நம் மக்களை அறியாதார் கூற்று. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த காலத்தில், தோட்டந்தோட்டமாகச் சென்று, துண்டாடலின் கேட்டையும் கூட்டுறவின் பயனையும் விளக்கி உறுப்பினர்களைச் சேர்த்தார். பால்மரம் வெட்டியவரும் கொழுந்து பறித்தவரும் ஒத்த தோட்டத்து மக்கள், தம் சொற்பக் கூலியிலிருந்து பங்கு வாங்கினர். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது விளங்கினால் கொடுக்கத் தெரிந்த மக்கள் இவர்கள். விளக்குவதற்குச் சோம்பியவரே இவர்கள் தயங்குவர் என்று பழி சொல்வர்.

சட்டம் என்ன சொல்கிறது? 2010இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இசைவு பெற்றே தரவைக் கையாள வேண்டும். அவ்விசைவைத் திரும்பப் பெறலாம். நேரடி விளம்பரத்தை நிறுத்துமாறு எழுத்து மூலம் கோரலாம். 2024இல் செய்யப்பட்ட திருத்தம் உயர்ந்த அளவுத் தண்டத்தைப் பத்து லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. நல்ல சட்டந்தான். ஆனால் அது வணிக நடவடிக்கைகளையே பற்றி நிற்பது. எனவே எங்களைக் கட்டாது என்று சங்கங்கள் சில ஆறுதல் கொள்கின்றன. சட்டம் தொடாத இடத்தில் நேர்மையும் தொடாதோ?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தரவு எதற்காகத் திரட்டப்படுகிறது என்னும் அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பதே இந்நாட்டுச் சட்டத்தின் விதி. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டமோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் அறிவிப்பைப் பெற வழி செய்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. ஆக, இம்மலையில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூதாட்டிக்குப் புரியும் மொழியில் அறிவிப்பை எழுதும் பொறுப்பு தமிழ்ச் சங்கங்களையே சாரும். (இன்று கொழுந்து பறிப்போருள் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் உண்டு. அவர்கள் பெயரை எழுதுவோர் அவர்கள் மொழியையும் நினைக்க வேண்டும்.)

கேளாமல் அனுப்புவது அறமன்று என்பதோடு, பயனும் அற்றது. 1978 மே 3இல் அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனத்து விற்பனையாளர், அச்சிட்ட முகவரி ஏட்டிலிருந்து எடுத்த ஏறத்தாழ 400 பேருக்கு விளம்பர மடல் ஒன்றை அனுப்பினார். வேண்டாத மின்மடலின் தொடக்கம் அதுவென்பர். ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த முகவரி வேறொன்றுக்குப் பயன்பட்ட கதை அன்றே தொடங்கிவிட்டது. இன்று பெறுநர் பலர் குப்பை என்று குறித்தால், அஞ்சல் வழங்கிகள் அவ்வனுப்புநரின் மடல்களையெல்லாம் ஒதுக்கத் தலைப்படுகின்றன; விரும்பிக் காத்திருந்த வாசகருக்கும் மடல் சேராது. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்பும் விளம்பரதாரர் ஒரே சொடுக்கில் விலகும் வழி வைக்க வேண்டும் எனக் கூகுளும் யாஹூவும் விதித்துள்ளன.

செய்ய வேண்டியது கடினமன்று. யார் கேட்கிறார், எதற்காக, மாதம் எத்தனை மடல் வரும், வேறு யாருக்கேனும் கொடுக்கப்படுமா என்பவற்றை நான்கு வரியில் தமிழில் எழுதலாம். விருப்பத்தைக் குறிக்கும் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். முன்கூட்டியே குறியிட்டு வைப்பது இசைவாகாது என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. முகவரி தந்தவருக்கு முதலில் ஓர் உறுதி மடல் அனுப்பி, அவர் ஆம் என்ற பின்னரே பெயரைச் சேர்த்தல் வேண்டும். பிறர் முகவரியை விளையாட்டாக எழுதுவோர் தொல்லையும் அதனால் நீங்கும். மாணவர் பதினெட்டு வயது நிரம்பாதவராயின் பெற்றோர் இசைவு தேவை.

ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ அடுத்த விழா நடக்கும்பொழுது, வாசல் ஏட்டில் இரண்டு பத்திகள் கோடிடப்படட்டும். ஒன்று வருகைக்கு, மற்றொன்று மடல் பெற விரும்புவார்க்கு. விழா முடிந்ததும் இரண்டாம் பத்தியில் எழுதியோர் பெயர் மட்டும் பட்டியலுக்குச் செல்லட்டும். அங்கே பதின்மர் பெயரே இருப்பினும், அப்பதின்மருக்கு மட்டுமே மடல் எழுதப்படட்டும்.