கல் ஆமையும் ஒரு வெள்ளைத்தாளும்

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. ஓ.எம்.ஆர் பக்கம் பொட்டி தட்டுற சாதாரண ஆள். சட்டம் தெரிஞ்சவங்க தப்பு இருந்தா பின்னூட்டத்துல வந்து குட்டலாம், வாங்கிக்கறேன்.

2018-ல நடந்த கதை. ஜி.எஸ்.டி ரோடு பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் (பேர் வேணாம்), மூணாவது வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமை ஆறு பேர் செங்கல்பட்டுல பஸ் பிடிச்சு, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயில், வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் முடிச்சுட்டு ஐந்து ரதம் பக்கம் நடந்தோம். வழி நெடுக கல் சிற்பக் கடைகள். கூட வந்தவன் ஒரு கடையில சின்ன கல் ஆமையைக் கையில எடுத்து விலை கேட்டான். 350 ரூபாய். அதே நேரம் அவங்க அம்மாகிட்ட இருந்து போன். பேசிக்கிட்டே வெளிய வந்து பத்தடி நடந்திருப்பான். கடைப் பையன் ஓடி வந்து கையைப் பிடிச்சுட்டான். ஆமை பேன்ட் பாக்கெட்டுல இருந்தது.

கூட்டம் கூடிடுச்சு. கடைக்காரர் கேட்டது ஒண்ணுதான். "போலீஸைக் கூப்பிடவா, இல்ல எழுதிக் குடுத்துட்டுப் போறீங்களா தம்பி?"

ஆறு பேர்ல கையெழுத்து அழகா இருக்கிறவன் நான். "குடுங்கண்ணா, நானே எழுதறேன்"னு வெள்ளைத்தாளை வாங்கினேன். 'மேற்படி கடையில் ஒரு கல் ஆமையைத் திருடிவிட்டேன். இனி இவ்வாறு செய்யமாட்டேன்.' அவன் படிச்சுக்கூடப் பார்க்கலை. கை நடுங்க கையெழுத்துப் போட்டான். 350 ரூபாயையும் குடுத்துட்டுக் கிளம்பினோம். பஸ்ல வரும்போது பிரச்சினையைச் சாமர்த்தியமா முடிச்சுட்டதா எனக்கு ஒரு பெருமை வேற.

ரெண்டு நாள் கழிச்சு அந்தக் கடிதத்தோட போட்டோ காலேஜுக்கு வந்துடுச்சு, அவன் ஐடி கார்டு போட்டோவோட சேர்ந்து. விசாரணைன்னு கூப்பிட்டாங்க. பத்து நிமிஷம். "இது உன் கையெழுத்துதானே?" இந்த ஒரே கேள்விதான். ஒரு செமஸ்டர் சஸ்பெண்ட். அவன் அதுக்கப்புறம் திரும்பி வரவே இல்லை.

அவன் திருடினானா, மறந்து பாக்கெட்டுல போட்டானா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சட்டம் முதல்ல கேட்கிறதே அந்தக் கேள்வியைத்தான். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சம்ஹிதா வந்திருக்கு. ரெண்டுலயும் நேர்மையற்ற எண்ணத்தோட எடுத்தாத்தான் அது திருட்டு. மறதிக்கு அந்தப் பேர் கிடையாது. அதே சமயம் 'சும்மா எடுத்தேன், திருப்பித் தந்துடுவேன்'னு சொல்லியும் தப்பிக்க முடியாது. 1952-ல ஜோத்பூர் விமானப்படை அகாடமி கேடட் ஒருத்தர் பயிற்சி விமானத்தை அனுமதியில்லாம எடுத்துட்டுப் போய் பாகிஸ்தான்ல இறக்கினார். கொஞ்ச நேரத்துக்கு எடுத்தாலும் திருட்டுதான்னு 1957-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு (கே.என்.மெஹ்ரா வழக்கு). ஆக, எல்லாமே அந்த நேரத்து எண்ணத்துல நிக்குது. நான் 'எடுத்தேன், பணம் கொடுக்க மறந்துவிட்டேன்'னு எழுதியிருக்கலாம். 'திருடிவிட்டேன்'னு எழுதினேன். அது அவன் வார்த்தையே இல்லை, என்னோடது.

இதுல ஒரு கொடுமை இருக்கு. போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டுல குற்றத்துக்குச் சாட்சியா வைக்க முடியாது. கடைக்காரர்கிட்டயோ வார்டன்கிட்டயோ எழுதிக் குடுத்தா அதை வைக்கலாம். மிரட்டி வாங்கினதுன்னு எதிர்க்க வழி உண்டு, ஆனா அதைச் சொல்ல ஒரு வக்கீல் வேணும். போலீஸுக்குப் பயந்து நாம ஓடி ஒளியற இடம்தான் இன்னும் ஆபத்தான இடம்.

இவ்வளவுக்கும் சட்டம் நாம நினைக்கிற அளவுக்கு ஈரமில்லாததும் இல்லை. புதுச் சட்டத்தின் 303-வது பிரிவுல, திருடின பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ, முதல் தடவை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் குடுத்தாச்சுன்னா தண்டனை சமூக சேவைதான். அந்த மாதிரி சின்னத் திருட்டுக்கு வாரன்ட் இல்லாம கைது கிடையாது, ஜாமீன் உரிமை. ஆனா புகார்ல 305-வது பிரிவைப் போட்டா கதையே வேற. குடியிருக்கவோ பொருள் வைக்கவோ பயன்படுற கட்டடத்துல திருட்டுன்னா 7 வருஷம் வரைக்கும் போகும். ஹாஸ்டல் ரூம், கடை ரெண்டும் இதுல சிக்கலாம். எந்தப் பிரிவுன்னு வாதாடவே ஒரு ஆள் தேவை. அங்கேயும் 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு இருக்கு. 7 வருஷம் வரை தண்டனை உள்ள குற்றத்துல எடுத்தவுடனே கைது பண்ணக் கூடாது, காரணம் வேணும். குற்றம் நிரூபணமானாலும், 21 வயசுக்குக் கீழன்னா முடிஞ்சவரை சிறைக்கு அனுப்பாதேன்னு 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் சொல்லுது. ஃபர்ஸ்ட் இயர் பசங்கள்ல நிறைய பேருக்கு 18 கூட முடிஞ்சிருக்காது, அவங்க வழக்கு போக வேண்டியது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு.

"திருடனுக்கு வக்காலத்தா?"ன்னு கேட்பீங்க. ஆமாங்க, வக்காலத்துங்கிற வார்த்தையே அதுக்குத்தானே இருக்கு! அந்தக் கடைக்காரர் மேல எனக்குக் கோபமில்லை. உளி பிடிச்சுச் செதுக்கின பொருளை ஆளாளுக்கு எடுத்துட்டுப் போனா அவர் எப்படிப் பிழைப்பார்? அவருக்கு ஆமை திரும்பக் கிடைக்கணும், சரிதான். பையனுக்கு விசாரணை கிடைக்கணும், அதுவும் சரிதான். காப்பியடிச்சதா சொல்லப்பட்ட மாணவர்களைக்கூட, அவங்க பக்கத்தைக் கேட்காம தண்டிக்கக் கூடாதுன்னு 1962-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. 'இது உன் கையெழுத்துதானே'ங்கிறது விசாரணை ஆகாது.

கேட்க ஆளில்லாத பையனுக்கு என்ன ஆகும்னு இதே செங்கல்பட்டுல பார்த்தோம். 2022 டிசம்பர் கடைசியில, பேட்டரி திருடினதா பிடிபட்ட 17 வயசுப் பையன் அரசுச் சிறுவர் இல்லத்துல அடிபட்டுச் செத்தான். இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானாங்க. அப்புறம் 2023-ல நீதியரசர் சந்துரு தலைமையில ஒருநபர் குழு அமைச்சாங்க. பேட்டரிக்கு உயிர் விலையா?

அதனால உங்க வீட்டுல, தெரிஞ்ச வீட்டுல காலேஜ் போற பசங்க இருந்தா ஒண்ணே ஒண்ணு சொல்லி வைங்க. பொருளைத் திருப்பிக் குடு, மரியாதையா பேசு, வீட்டுக்குப் போன் பண்ணு. வக்கீல் வர்ற வரைக்கும் எதையும் எழுதிக் குடுக்காதே. வக்கீலுக்குக் காசில்லைன்னா இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்கள், 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க, எஸ்.சி, எஸ்.டி பிரிவினர், காவல்ல இருக்கிறவங்க, வருமானம் குறைஞ்சவங்க எல்லாருக்கும் அது உரிமை, யாரும் போடற பிச்சை இல்லை.

இதைப் போடறதுக்கு முன்னாடி அவனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "பேர் போடாம எழுதிக்கோடா"ன்னான். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. அப்புறம் அவனே கேட்டான், "அன்னிக்கு அதுல என்னடா எழுதின?"