புகை மேலே போனால் போய்விடாது

தோட்டப் பாட்டாளிகளே,

பால் உறைய ஆசிட் ஊற்றிப் பழகிய கைகள் நம்முடையவை. தெறித்தால் தோல் எப்படி எரியும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வானத்திலிருந்தும் ஆசிட் இறங்கும் என்றால், "அடப் போங்கய்யா, மழையாவது ஆசிட்டாவது!" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்து ஒதுக்கும் விஷயமல்ல இது.

நாம் சீவிய பாலில் செய்த டயரில் கந்தகம் கலந்திருக்கிறது. டயரைக் கொளுத்தினால் கந்தகப் புகை எழும். பி.வி.சி. குழாயையும் மின்கம்பி உறையையும் கொளுத்தினால் குளோரின் சேர்ந்த புகை எழும். ஆலைப் புகையும் வாகனப் புகையும் இவற்றோடு சேரும். எல்லாம் வானத்து ஈரத்தில் கரைந்து மழையோடு இறங்கும். அமில மழை என்பது இதுதான்.

இது மங்கில் விடும் ஆசிட்டைப்போல் தோலைச் சுடாது. மெதுவாகத்தான் கெடுக்கும். மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். மெக்னீசியம் குறைந்தால் செம்பனையின் அடிமட்டைகள் மஞ்சளாவதை உரம் போடுகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மண்ணில் அடங்கிக் கிடந்த அலுமினியமும் கரைந்து வேர்முனையைக் கெடுக்கும். ஆற்றில் சேர்ந்தால் மீனின் செவுளைப் பாதிக்கும். நம் தோட்டத்து மண்ணோ முன்பே புளிப்பு மண். பால்மரம் தாங்கிக்கொள்ளும், லயத்துக்குப் பின்னால் போட்ட பயற்றங்கொடியும் கீரையும் அவ்வளவு தாங்காது.

பிரிட்டன் முதலிய நாடுகளின் நிலக்கரிப் புகை, கடல் தாண்டி நார்வேயிலும் சுவீடனிலும் மழையாக இறங்கியது. அங்கே பல ஏரிகளில் மீனே இல்லாமல் போயிற்று. புகைத்தவன் ஒருவன், இழந்தவன் வேறொருவன்!

நம் கெடாவில் நடந்தது என்ன? 2018 தொடக்கத்தில் சீனா அந்நிய நெகிழிக் குப்பையை வாங்க மறுத்தது. அந்தக் குப்பை மலேசியாவுக்குத் திரும்பியது. சுங்கைப் பட்டாணி சுற்றுவட்டாரத்தில் சட்டவிரோத ஆலைகள் முளைத்தன. புகை நெடியில் தூங்க முடியவில்லை என்று மக்கள் குரல் கொடுத்தார்கள். அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன் குப்பையை வந்த நாடுகளுக்கே அரசாங்கம் திருப்பி அனுப்பியது. பேசியதால்தானே இது நடந்தது?

இரவில் தரைக்காற்று கடலை நோக்கி வீசும். உள்ளே கொளுத்தும் புகை கோத்தா கோலா மூடா பக்கம் வராது என்று யாரும் இருந்துவிட முடியாது. மூடா ஆற்றுத் தண்ணீர்தான் கெடாவிலும் பினாங்கிலும் எத்தனையோ வீட்டுக் குழாய்களில் வருகிறது.

ஆகவே நாம் இரண்டு சொல்கிறோம். ஒன்று நமக்கு: லயத்துக் குப்பையில் டயர், நெகிழி போட்டுக் கொளுத்தும் பழக்கத்தை விட வேண்டும். திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. அக்கம்பக்கத்தில் எவனாவது இரவில் கொளுத்தினால், "நமக்கென்ன வம்பு" என்று கதவைச் சாத்தாமல், 'ஜபாத்தான் ஆலாம் செக்கித்தார்' எனும் சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தெரிவியுங்கள். படித்த பிள்ளைகள் கைப்பேசியில் படமெடுத்து, நாள், நேரம், இடம் குறித்து அனுப்பட்டும்.

மற்றொன்று அரசாங்கத்துக்கு: மழைநீரின் அமிலத்தை வானிலை இலாகா அளந்து வருகிறது. கோலா மூடா வட்டாரத்தில் பெய்யும் மழை எப்படி இருக்கிறது என்பதைத் தோட்ட மக்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். மழையில் நனைந்து வேலைக்குப் போகிறவனுக்கு அது என்ன மழை என்று தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?