வானத்தைப் பார்க்கவும் முகூர்த்தம் வேண்டும்

1769-ம் ஆண்டு ஜூன் மாதம் 4-ந் தேதி. புதுச்சேரியில் பொழுது விடிகிறது. லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி தமது தொலைநோக்கியுடன் தயாராக இருக்கிறார். சுக்கிரன் ஒரு கரும் புள்ளியாகச் சூரிய பிம்பத்தின் குறுக்கே செல்லும் அபூர்வக் காட்சி அன்று நிகழவிருந்தது. அது நடக்கும் நேரத்தைச் சரியாக அளந்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டு விடலாம்.

இதற்காகவே அவர் 1760-ல் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். 1761-ல் வந்த முதல் வாய்ப்பை யுத்தம் கெடுத்தது. புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்து விட்டதால், ஆடும் கப்பலிலிருந்தே பார்க்க நேர்ந்தது. அந்த அளவு எதற்கும் உதவவில்லை. அடுத்த வாய்ப்புக்காக எட்டு ஆண்டுகள் ஊர் திரும்பாமல் காத்திருந்தார். அந்த நாளும் வந்தது. கூடவே மேகமும் வந்து சூரியனை மூடிக் கொண்டது. காட்சி முடிந்த பிறகுதான் வெயில் அடித்தது!

இனி அந்தக் காட்சி 1874-ல்தான். 1771-ல் அவர் ஊர் திரும்பியபோது, இறந்து விட்டார் என்றே முடிவு கட்டி, வாரிசுகள் சொத்தைப் பங்கு போட முனைந்திருந்தார்கள்.

வானத்தில் சில காரியங்கள் குறித்த வேளையில்தான் நடக்கும். வேளை தவறினால் மனிதனுக்காக வானம் காத்திருக்காது. லெ ஜாந்தியின் கதை கற்பிக்கும் இந்தப் பாடம் இன்றைக்கும் பழசாகி விடவில்லை.

மேகம் போயிற்று, நெருக்கடி போகவில்லை

இன்று தொலைநோக்கிகள் மேகத்துக்கு மேலேயே போய் விட்டன. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கி பூமியைச் சுற்றி வருகிறது. 2021 டிசம்பர் 25-ந் தேதி ஏவப்பட்ட வெப் தொலைநோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே மழை இல்லை, பனி இல்லை. ஆகவே நினைத்த போது நினைத்த நட்சத்திரத்தைப் பார்க்கலாம் என்று தோன்றும். உண்மை அப்படியல்ல.

ஹப்பிள் சுமார் 95 நிமிஷத்தில் பூமியை ஒரு முறை சுற்றி விடுகிறது. அதில் ஏறக்குறைய பாதி நேரம், பார்க்க வேண்டிய பொருளைப் பூமியே மறைத்துக் கொள்ளும். சூரியனுக்கு அருகே சுமார் 50 டிகிரிக்குள் அதைத் திருப்பக் கூடாது. தென் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேலே கதிர்வீச்சுத் துகள்கள் மிகுந்த ஒரு பகுதி உண்டு. அதைக் கடக்கும் போது கருவிகள் வேலையை நிறுத்திக் கொள்ள வேண்டும்.

வெப் தொலைநோக்கியின் சங்கடம் வேறு. அது குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். அதற்காக டென்னிஸ் மைதானம் அளவுள்ள ஒரு திரையைக் குடையாகப் பிடித்திருக்கிறது. குடையின் நிழலை விட்டு வெளியே வர முடியாது. ஆகையால் சூரியனிலிருந்து 85 டிகிரி முதல் 135 டிகிரி வரையுள்ள பகுதியை மட்டுமே அது பார்க்கும். எந்த நாளில் பார்த்தாலும் மொத்த வானத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவுதான் அதற்குத் தெரியும். ராசி மண்டலத்தை ஒட்டிய நட்சத்திரங்கள் ஆண்டுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் ஐம்பது நாள் அளவில், அதன் கண்ணில் படும். மற்ற நாட்களில் எவ்வளவு வேண்டினாலும் பயன் இல்லை.

இதற்கிடையே கேட்பவர்களோ ஏராளம். வெப் தொலைநோக்கியின் நான்காவது ஆண்டுத் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் வந்து சேர்ந்த விண்ணப்பங்கள் 2,377. அவர்கள் கேட்ட நேரம் சுமார் 78,000 மணி. ஓர் ஆண்டில் உள்ள மொத்த மணிகளே 8,760 தான்! இருப்பதைப் போல் ஒன்பது மடங்கு கேட்கிறார்கள். கல்யாண மாதத்தில் ஒரே மண்டபத்துக்கு ஒன்பது வீட்டார் வந்து நின்றால் என்ன ஆகும் என்பது தெரிந்த விஷயம்.

நிபந்தனைகள் பலவிதம்

அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி விஞ்ஞானக் கழகம்தான் இந்த இரண்டுக்கும் கால அட்டவணை போடுகிறது. விண்ணப்பம் செய்யும் விஞ்ஞானி எதைப் பார்க்க வேண்டும் என்பதோடு, எப்போது பார்க்க வேண்டும் என்றும் குறிப்பிடலாம். இன்ன தேதிக்கும் இன்ன தேதிக்கும் இடையில் என்று கேட்கலாம். ஒரு முறை பார்த்து இத்தனை நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு கிரகம் தன் நட்சத்திரத்தைச் சுற்றுகையில் இன்ன கட்டத்தில் இருக்கும் போது என்று கேட்கலாம். எங்கேனும் ஒரு நட்சத்திரம் திடீரென்று வெடித்தால் மற்ற வேலையை நிறுத்தி விட்டு அதைப் பார்க்க வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

இவை அனைத்தும் நியாயமான கோரிக்கைகளே. ஆனால் தேவைக்கு மேல் ஒரு நிபந்தனை கேட்டாலும் அது பிறர் நேரத்தைத் தின்று விடும். விண்ணப்பம் எழுதுகிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

தொலைநோக்கியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் திருப்புவது விளையாட்டல்ல. 90 டிகிரி திரும்ப ஹப்பிளுக்குக் கால் மணி ஆகும். வெப்புக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஒருவர் “சரியாக இந்த நிமிஷம்” என்று கேட்டு விட்டால், தொலைநோக்கி முன்னதாகவே அங்கே போய்ச் சும்மா நிற்க வேண்டும். அதனால்தான் வெப் தொலைநோக்கியில், தொடங்கும் வேளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இடம் கொடுப்பவரின் கணக்கில் கூடுதலாக ஒரு மணி நேரத்தைப் பற்று எழுதி விடுகிறார்கள். இது மிகவும் நேர்மையான ஏற்பாடு. அவசரத்துக்கு விலை உண்டு என்று தெரிந்தால்தான் அவசரம் குறையும்.

கோணம் கேட்பவர்களுக்கும் இது பொருந்தும். படத்தில் இன்ன பக்கம் மேலே வர வேண்டும் என்று ஒருவர் சாதாரணமாக எழுதி விடுகிறார். ஆனால் தொலைநோக்கி தன் குடையை எப்போதும் சூரியனுக்கு நேராகப் பிடித்தாக வேண்டும். அது இருந்த இடத்திலேயே சாய்வதற்குச் சில டிகிரிதான் இடம் உண்டு. ஆகவே கோணத்தைக் கேட்டவர், தமக்குத் தெரியாமலே, தேதியையும் கேட்டு விடுகிறார்.

விட்டுக் கொடுக்கக் கூடாத வேளை

அப்படியானால் நிபந்தனையே கூடாதா? அது தவறு. வேளை தவறினால் காரியமே இல்லை என்ற நிலை உண்டு. அங்கே விட்டுக் கொடுப்பது லெ ஜாந்தியின் கண்ணை மறுபடியும் மேகத்தால் மூடுவதாகும்.

சுமார் 700 ஒளியாண்டு தூரத்தில் டபிள்யூ.ஏ.எஸ்.பி.-39 என்ற நட்சத்திரம் இருக்கிறது. அதைச் சுற்றும் ஒரு கிரகம் நான்கு நாளுக்கு ஒரு முறை அதன் குறுக்கே வருகிறது. கடக்க மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக் கொள்கிறது. அந்த மூன்று மணியையும் முன்னும் பின்னும் சில மணிகளையும் சேர்த்து வெப் தொலைநோக்கி 2022 ஜூலையில் கவனித்தது. கிரகத்தின் காற்று மண்டலத்தில் கரியமில வாயு இருப்பது அப்போது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. லெ ஜாந்தி சுக்கிரனுக்காகச் செய்ய நினைத்ததும் கிட்டத்தட்ட இதே காரியந்தான். அரை நாள் தள்ளிப் பார்த்திருந்தால் வெறும் நட்சத்திர வெளிச்சம்தான் மிஞ்சியிருக்கும்.

இன்னும் அதிசயமான ஒன்று உண்டு. 2014 நவம்பரில் ஒரு நட்சத்திர வெடிப்பு ஹப்பிள் படத்தில் நான்கு பிம்பங்களாகத் தெரிந்தது. நடுவில் இருந்த நட்சத்திர மண்டலங்களின் ஈர்ப்பு விசை ஒளியை வளைத்ததால் வந்த விந்தை அது. அதே வெடிப்பு இன்னொரு பாதையில் வந்து மறுபடியும் தெரியும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2015 அக்டோபர் கடைசியிலிருந்து விட்டு விட்டுப் பார்த்து வந்தார்கள். டிசம்பர் 11-ந் தேதி அது தெரிந்தது! எப்போது பார்க்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்ததால் கிடைத்த வெற்றி அது.

பொறுமைக்கும் பரிசு உண்டு

அவசரமில்லாதவர் எப்படி நடந்து கொள்ளலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1995 டிசம்பர் 18 முதல் 28 வரை ஹப்பிள் தொடர்ந்து ஒரே இடத்தைப் பார்த்தது. கழகத்தின் அப்போதைய டைரக்டர் ராபர்ட் வில்லியம்ஸ் தமக்கு உரிய நேரத்தை அதற்குக் கொடுத்தார். எந்த இடத்தைப் பார்ப்பது? பூமி குறுக்கே வந்து மறைக்காத ஓர் இடமாகச் சப்தரிஷி மண்டலத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சின்னஞ்சிறு துண்டு வானத்தில் சுமார் 3,000 நட்சத்திர மண்டலங்கள் தெரிந்தன. கோடானு கோடி ஆண்டுகளாக இருப்பவை நாளைக்கும் இருக்கும். ஆகவே இடத்தை வசதிக்குத் தக்கபடி அமைத்துக் கொண்டார்கள்.

“கேட்பதைக் கேட்டு வைப்போம், அட்டவணை போடுவது கம்ப்யூட்டரின் பாடு” என்று சிலர் வாதிக்கலாம். கம்ப்யூட்டர் இருக்கிற மணிகளை ஒழுங்காக அடுக்கும். இல்லாத மணியை உண்டாக்காது. மேலும் வெப் தொலைநோக்கி தானே பட்டியலைப் பார்த்து வேலை செய்கிறது. கடைசித் தொடக்க வேளை தாண்டி விட்டால் அந்த வேலையை விட்டு விட்டு அடுத்ததற்குப் போய் விடும். நிபந்தனை இறுக இறுக, நழுவிப் போகும் ஆபத்தும் அதிகம்.

கணக்கு சுத்தமாக இருக்கட்டும்

வேளை கேட்பவருக்கு ஒரு கடமையும் உண்டு. சொல்லும் வேளை சரியாக இருக்க வேண்டும். நான்கு நாளுக்கு ஒரு முறை சுற்றும் கிரகத்தின் கணக்கில் பத்து விநாடி பிழை என்று வைத்துக் கொள்வோம். பத்து ஆண்டில் அது 900 தடவைக்கு மேல் சுற்றி விடும். பத்து விநாடி இரண்டரை மணியாக வளர்ந்து விடும். தொலைநோக்கி அங்கே போகும் போது காட்சி முடிந்திருக்கும். வானநூல் கடிகாரத்துக்கும் சாதாரணக் கடிகாரத்துக்கும் 69 விநாடி வித்தியாசம் இருக்கிறது. சூரியனை மையமாக வைத்த நேரத்தைப் பூமியின் நேரம் என்று எழுதி விட்டால் எட்டு நிமிஷம் வரை பிசகும். பஞ்சாங்கம் தப்பாக இருந்தால் முகூர்த்தத்தால் என்ன பயன்?

தொலைநோக்கிகளுக்கும் வயதாகிறது. ஹப்பிள் 2024 ஜூன் முதல் ஒரே ஒரு கைராஸ்கோப்பைக் கொண்டு இயங்கும் முறைக்கு மாற்றப்பட்டது. ஒரு வாரத்தில் செய்யக் கூடிய வேலை அதனால் குறைந்தது. ஒரு காலத்தில் கேட்டால் கிடைத்த சில வேளைகள் இப்போது கிடைப்பதில்லை. வெப் தொலைநோக்கியில் எரிபொருள் தீர்ந்தால் நிரப்பி வர ஏற்பாடு இல்லை. வீணாகும் ஒவ்வொரு மணியும் திரும்பி வராத மணி.

ஆகையால் விண்ணப்பம் எழுதும் விஞ்ஞானி பேனாவை எடுக்கும் போதே தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக் கொள்வது நல்லது. “இந்த வேளை தவறினால் என் ஆராய்ச்சி கெடுமா, அல்லது என் சௌகரியம் மட்டும் கெடுமா?” ஆராய்ச்சி கெடும் என்றால் தயங்காமல் கேட்கட்டும்; காரணத்தையும் கணக்கையும் தெளிவாக எழுதட்டும்; கழகமும் மறுக்காமல் கொடுக்கட்டும். சௌகரியம்தான் என்றால் அந்த வரியை அடித்து விடட்டும்.

அவர் அடித்து விடும் அந்த ஒரு வரியால், எங்கோ இருக்கும் இன்னொரு விஞ்ஞானிக்கு லெ ஜாந்திக்குக் கிடைக்காத மூன்று மணி நேரம் கிடைத்து விடக் கூடும்.