கூட்டத்தில் ஒளிந்தால் மிஞ்சுவது தனிமைதான்

ஆரணியில் சென்னை பஸ் ஏறும் நம் பிள்ளைகளைக் கேட்டால் படிப்பு, வேலை என்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு. திருமலையானாலும் பக்கத்து ஊரானாலும், நாம் பெயர் சொல்லும் முன்பே நம் தெரு எல்லோருக்கும் தெரியும். சென்னையில் யாருக்கும் யாரையும் தெரியாது. அதுவே விடுதலை என்று நம்பித்தான் நாமும் வந்தோம்.

அந்த நம்பிக்கை பாதி உண்மை. மின்சார ரயிலில் நம்மேல் இடித்து நிற்பவர் சாதி கேட்பதில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை இல்லை. ஆனால் வாடகை வீட்டின் கதவைத் தட்டும்போது கேள்வி வந்துவிடுகிறது. "நீங்க சைவமா?" "ஊர்ல எந்தப் பக்கம்?" பிறகு ஆதார் நகல். அதில் ஊர்ப் பெயரோடு 'காலனி' என்று இருக்கும். மறுநாள் போன் வரும்: "சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி, வேற இடம் பாத்துக்குங்க."

'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். வீட்டுக்காரர் மனதிலிருந்து அதை யார் நீக்குவது?

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர், 1917இல் பரோடா அரசு வேலைக்குப் போனார். அந்த நகரத்தில் அவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பேச ஆளில்லாத மாடியில் புத்தகமே துணை. சில நாளில் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பொதுப் பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

நூறாண்டு கடந்தும் நாம் அந்த மாடியில்தான் இருக்கிறோம். அம்பேத்கர் படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. அறைத்தோழன் இருந்தால் அம்மாவிடம் போனில் குரலைத் தாழ்த்துகிறோம். மாட்டுக்கறி சாப்பிட்டதை மறைக்கிறோம். யாருக்கும் நம்மைத் தெரியாதது பெரிய துன்பமில்லை. தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் ஆளைத் தின்கிறது.

ஹைதராபாத்தை மறக்க முடியுமா? 2016 ஜனவரியில் மத்தியப் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் மாணவர்கள் வளாகத்திலேயே திறந்தவெளியில் தங்கினார்கள். அந்த இடத்துக்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அது ஊருக்கு வெளியே இருக்கும் சேரி. மாநகரத்தின் நடுவில் ஒரு சேரி! ஐவரில் ஒருவரான ரோஹித் வெமுலாவை ஜனவரி 17 அன்று இழந்தோம். சின்ன வயதிலிருந்தே விடாத தனிமையை அவருடைய கடைசிக் கடிதம் பேசியது.

தோழர்கள் பக்கத்தில் இருந்தும் அவரை இழந்தோம். ஆகவே, கூடினால் போதும் என்று சொல்ல மாட்டோம். வெளியேற்றும் நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டும். சாதி பார்த்து வீடு மறுப்பதைத் தண்டிக்கத் தெளிவான சட்டம் வேண்டும். கல்லூரிக்குப் பக்கத்திலேயே போதுமான அரசு விடுதிகள் வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை 2015 மே மாதம் நிர்வாகம் ரத்து செய்தது. நாடெங்கும் மாணவர்கள் குரல் கொடுத்தார்கள். அடுத்த மாதமே அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. ஒளிந்திருந்தால் அது நடந்திருக்காது.

தோழர்களே, இந்த ஆண்டும் ஊரிலிருந்து ஒரு தம்பியோ தங்கையோ பையோடு வந்து இறங்குவார்கள். வீடு கிடைக்கும் வரை உங்கள் அறையில் பாய் விரித்துக் கொடுங்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். பெட்டியில் இருக்கும் படத்தை எடுத்துச் சுவரில் மாட்டுங்கள். உள்ளே வரும்போதே அவர்களுக்குத் தெரியட்டும், இங்கே குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை என்று.

ஜெய் பீம்.