எந்த ஆற்று மீன்?

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் நாட்டின விரலிகளை ஆறுகளில் இருப்புச் செய்யும் பணியை ஆதரிக்கலாமா என்று பொரிப்பக வாசகர்கள் கேட்கிறார்கள். ஆதரிக்கிறோம். ஆனால் 'நாட்டின' என்ற சொல்லை அப்படியே விழுங்க முடியாது. கட்லாவும் இந்திய மீன்தான். காவிரிக்கு அது விருந்தாளி.

மஹ்சீர் பட்ட பாடு நமக்குத் தெரியும். லோனாவாலாவில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீரைக் காவிரியில் விட்டார்கள். அதுவும் டோர் பேரினம்தான், ஆனால் கிருஷ்ணா படுகையின் மீன். 1998 முதல் 2012 வரையிலான தூண்டில் பதிவுகளைப் பாருங்கள்: வந்தது பெருகியது, காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் அருகியது. அந்தத் திமில் மீனுக்கு அப்போது அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. பாம்பாற்றின் சிறு மீன்களை வைத்து டோர் ரெமாதேவியை விவரித்தார்கள். சிறு மீனுக்குத் திமில் ஏது? காவிரியின் பெருமீனும் அதுவே என்பது 2018இல்தான் தெளிவானது.

ஒரே இனத்திலும் ஆற்றுக்கு ஆறு கூட்டம் வேறு என்றால், "உடல் ஆழம் நீரோட்டத்துக்கும் தீனிக்கும் ஏற்ப மாறுவதுதானே? உடலின் குறிப்புள்ளிகளை இணைத்தெடுக்கும் ட்ரஸ் அளவில் இரண்டு ஆற்று மீன்கள் தனித்தனிக் கொத்தாக விழுந்ததும் தனிக் கூட்டம் என்று முடிவு கட்டலாமா?" என்பார்கள். கூடாதுதான். இரண்டையும் ஒரே குளத்தில், ஒரே தீனியில் முட்டையிலிருந்து வளர்த்துப் பார்த்தால்தான் பிறவியில் வந்தது எது, ஓட்டத்தில் வந்தது எது என்று பிரியும். அதற்காவது கலக்காத இரண்டு கூட்டங்கள் மிஞ்ச வேண்டாமா?

சென்ற பருவத்தில் ஒரு பொரிப்பகத்தின் பதிவேட்டைப் புரட்டினேன். ஹார்மோன் அளவு, ஊசி போட்ட நேரம், பொரிப்பு விழுக்காடு, பை எண்ணிக்கை எல்லாம் புள்ளி பிசகாமல் இருந்தன. தாய்மீன் எந்த ஆற்றுடையது? பதில் இல்லை. "மேலே அதைக் கேட்கிறதில்லை சார்" என்றார் பணியாளர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை கூட்டங்களில் சொன்னோம், எத்தனை கடிதங்கள் எழுதினோம்! இலட்சக் கணக்கில் இலக்கு கேட்கத் தெரிகிறது; படித்துறையில் பையை அவிழ்த்துப் படம் எடுத்துக்கொள்ளத் தெரிகிறது; படிவத்தில் ஒரு கலம் சேர்க்க மட்டும் கை வருவதில்லை.

ஆணைக்குக் காத்திருக்க வேண்டாம். பதிவேட்டில் நீங்களே கோடு போட்டு, தாய்மீனின் ஆறு, படுகை, பிடித்த இடம் மூன்றையும் எழுதுங்கள். 'சந்தையில் வாங்கிய மாதிரிகள்' என்ற ஒற்றை வரியோடு வந்த உடலளவுக் கட்டுரைகளை இந்த இதழும் வெளியிட்டிருக்கிறது. அடுத்த இதழிலிருந்து அவற்றைத் திருப்பி அனுப்புவோம்.