வெல்லும் பெண்களைக் கண்டு சலிப்பவர்கள்

டெல்லி கோல் மார்க்கெட்டின் நடுவே நிற்கும் நூறாண்டுப் பழமையான பன்னிருபக்கக் கட்டடத்தை இந்தியப் பெண் சாதனையாளர்களுக்கான அருங்காட்சியகமாக மாற்றுவது புது டெல்லி நகராட்சி மன்றத்தின் திட்டம். அதை வரவேற்காதவர் இல்லை. அங்கிருந்து பஞ்ச்குயான் சாலை வழியாகப் பஹாட்கஞ்ச் பக்கம் சென்றால் கர்னைல் சிங் மைதானம் வந்துவிடும். அது இந்திய ரயில்வே விளையாட்டு அணிகளின் சொந்தக் களம். இந்தியப் பெண்கள் விளையாட்டில் மிக நீண்ட காலம் தொடர்ந்து வென்ற அணி எதுவென்று கேட்டால், கிரிக்கெட்டிலும் கூடைப்பந்திலும் விடை ஒன்றுதான்: ரயில்வே. அருங்காட்சியகத் திட்டத்தைப் பாராட்டும் அதே வாய் இந்த வெற்றிகளைப் பற்றிப் பேசும்போது வேறொன்று சொல்கிறது: 'எப்போதும் அவர்களே வென்றால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?' பெண்களின் வெற்றி கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும்வரை பெருமையாகவும், கண்ணெதிரே நிகழும்போது சலிப்பாகவும் தோன்றுவது ஏன் என்பதே இங்கு எழும் வினா.

இந்தச் சலிப்புக் குற்றச்சாட்டு உலக அளவில் ஓங்கி ஒலித்தது அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில். கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2013 முதல் 2016 வரை நான்கு ஆண்டுகளும் தேசியப் பட்டத்தை வென்றது. 2016 மார்ச்சில், தேசியப் போட்டியின் ஒரு சுற்றில், மிசிசிப்பி ஸ்டேட் அணியை 98–38 என்ற கணக்கில் வீழ்த்தியது. அறுபது புள்ளி வேறுபாடு. பாஸ்டன் குளோப் நாளிதழின் விளையாட்டுப் பத்தியாளர் டான் ஷாக்னஸி, இந்த அணி பெண்கள் ஆட்டத்தையே அழித்துக்கொண்டிருக்கிறது என்ற பொருளில் எழுதினார். பார்க்கவே முடியவில்லை என்பது அவர் முறையீடு. விருப்பமில்லாதவர் பார்க்க வேண்டாம் என்று பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா பதிலளித்தார். அதன்பின் அது ஒரு தனிமனிதரின் கருத்தாக நிற்கவில்லை. பெண்கள் அணி எதுவாயினும் தொடர்ந்து வென்றால் அதன்மேல் ஒட்டப்படும் ஆயத்தச் சீட்டாகிவிட்டது.

இக்குற்றச்சாட்டில் நேர்மை இருக்குமானால் அது எல்லா அணிகளுக்கும் பொருந்த வேண்டும். பொருந்துகிறதா? ஜான் வுடன் பயிற்றுவித்த யூசிஎல்ஏ ஆடவர் அணி 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டங்களை வென்றது. அவற்றுள் ஏழு இடைவெளியே இல்லாமல் வந்தவை. அதற்கு வரலாறு சூட்டிய பெயர் 'பேரரசு'. இன்னும் அருகில் வந்து பார்க்கலாம். அதே கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆடவர் அணி 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்றது. இரு தொடர்களிலும் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் எதிரணியைப் பத்துப் புள்ளிகளுக்கு மேல் பின்தள்ளியே வென்றது. ஆடவர் கூடைப்பந்து செத்துக்கொண்டிருக்கிறது என்ற ஒப்பாரி அப்போது எழவில்லை. ஒரே பல்கலைக்கழகம், ஒரே ஆட்டம். வேறுபட்டது பாலினம் மட்டுமே.

இந்தியாவுக்கு வந்தாலும் இதே கதைதான். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி அமெரிக்காவை 24–1 என்ற கணக்கில் வென்றது. அத்தொடரில் பங்கேற்ற அணிகளே மூன்றுதான். ஆயினும் அந்த 24–1 இன்றுவரை பெருமிதத்தோடு நினைவுகூரப்படுகிறது. ரஞ்சிக் கோப்பையை 1958–59 முதல் 1972–73 வரை பதினைந்து பருவங்கள் தொடர்ந்து பம்பாய் அணியே வென்றது. அவற்றுள் கடைசி இறுதிப் போட்டியில் தமிழ்நாட்டைச் சேப்பாக்கத்தில் மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே முடித்துவைத்தது. கிரிக்கெட் எழுத்தாளர்கள் அதைப் பம்பாயின் பொற்காலம் என்கிறார்கள். ஆண்கள் தொடர்ந்து வென்றால் அது ஒரு சகாப்தம். பெண்கள் தொடர்ந்து வென்றால் அது ஒரு பிரச்சினை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வதே முறை. விளையாட்டுப் பொருளியலில் அதற்கு ஒரு மதிப்பான மரபு உண்டு. 1956இல் சைமன் ராட்டன்பர்க் பேஸ்பால் வீரர்களின் உழைப்புச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையில், முடிவு தெரியாமல் இருப்பதே பார்வையாளரை ஈர்க்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். 1964இல் வால்டர் நீல் அதை வேறொரு கோணத்தில் விரித்தார்: குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிக்கு மாக்ஸ் ஷ்மெலிங் போன்ற எதிராளி இருந்தால்தான் வருவாய், எதிராளியே இல்லாத வீரன் தன் கடையைத் தானே மூடிக்கொள்கிறான். இதில் உண்மை இருக்கிறது. அறுபது புள்ளி வேறுபாட்டில் முடிந்த ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி பரபரப்பானது என்று எவரும் வாதிட முடியாது. அதைப் பார்க்காமல் எழுந்து போகிறவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ஆனால், முடிவு தெரியாமையே ஈர்ப்பின் ஒரே ஊற்று என்பதைப் பின்வந்த ஆய்வுகள் ஒருமித்து ஏற்கவில்லை. தமிழ் மண்ணில் வளர்ந்தவருக்கு அந்த ஆய்வுகள்கூடத் தேவையில்லை. வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது பதினெட்டாம் போரில் துரியோதனன் வீழ்வான் என்பது மடியில் உறங்கும் குழந்தைக்கும் தெரியும். சென்ற ஆண்டும் வீழ்ந்தான். வரும் ஆண்டும் வீழ்வான். அதற்காக ஊர் வீட்டில் படுத்துக்கொள்வதில்லை. விடிய விடிய விழித்திருக்கிறது. யார் வெல்வார் என்பதை அறிய எவரும் அங்கு வருவதில்லை. இந்த ஆண்டு வேடம் கட்டியவர் எப்படி அடவு பிடிக்கிறார், எந்த இடத்தில் குரல் உடைகிறது என்று பார்க்க வருகிறார்கள். அந்தப் பார்வைக்குப் பயிற்சி வேண்டும். ஊர் அப்பயிற்சியைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்திருக்கிறது.

கூடைப்பந்திலும் பார்ப்பதற்குப் பயிற்சி வேண்டும். பந்தை மட்டுமே பின்தொடரும் கண்ணுக்குப் புள்ளிப்பலகையைத் தவிர வேறெதுவும் தெரியாது. கனெக்டிகட் அணியின் ஆட்டம் பந்தில்லாத நால்வரின் நகர்வில் இருந்தது: ஒருத்தி தடுப்பாக நிற்க, மற்றொருத்தி அந்த மறைவில் கூடையை நோக்கி வெட்டிச் செல்ல, அவள் வந்து சேருமுன்பே பந்து அவ்விடம் நோக்கிப் புறப்பட்டிருக்கும். முப்பது புள்ளி முன்னிலையிலும் அந்த ஒழுங்கு குலையாது. பெஞ்சில் அமர்ந்திருப்பவரின் உடல்மொழியைக்கூடக் கவனித்தே அடுத்து யாரைக் களமிறக்குவது என்று முடிவெடுப்பதாக ஆரியெம்மா வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். தோற்க வாய்ப்பே இல்லாத ஆட்டத்திலும் தன் தரத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஓர் அணியைக் காண்பது அரிது. அதில் காண ஒன்றுமில்லை என்பவர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதைவிடத் தம் கண்ணைப் பற்றியே அதிகம் சொல்கிறார்.

இக்குற்றச்சாட்டுக்குள் ஒரு வரலாற்று மறதியும் ஒளிந்திருக்கிறது. 1890களில் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்குக் கூடைப்பந்தை அறிமுகப்படுத்திய செண்டா பெரன்சன், அக்காலத்துப் 'பெண்மை' குறித்த அச்சங்களுக்கு இணங்க ஆடுகளத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். தன் கட்டத்தைத் தாண்டி ஒருத்தி ஓடக்கூடாது. பல பத்தாண்டுகள் பெண்களின் ஆட்டம் இத்தகைய வேலிகளுக்குள்ளேயே நடந்தது. அப்போது அது மந்தமானது, ஆகவே பார்க்கத் தகாதது. வேலிகள் நீங்கி, ஓடக் கற்று, ஓர் அணி எல்லோரையும் விஞ்சி ஓடியபோது, அது மிகையானது, ஆகவே பார்க்கத் தகாதது. பெண்கள் எப்படி ஆடினாலும் தீர்ப்பு மட்டும் மாறாமல் இருப்பதென்றால், அத்தீர்ப்பு ஆட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டதன்று.

சரி, ஏகபோகம் எங்கிருந்து வருகிறது? ரயில்வேயின் கதை இதற்குத் தெளிவான விடை தருகிறது. 1973இல் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் தோன்றியது. கிரிக்கெட் வாரியம் பெண்கள் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் ஏற்றது 2006இல்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல், ஆட்டத்தால் ஒரு பெண் மாதச் சம்பளம் பெற இருந்த வாசல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் பெரியது ரயில்வே. அதைத் திறக்க வைத்ததில் டயானா எடுல்ஜிக்குப் பெரும்பங்கு உண்டு. மித்தாலி ராஜ் முதல் பூனம் யாதவ் வரை பலர் அவ்வழியே வந்தவர்கள். கூடைப்பந்தில் கீது அன்னா ஜோஸ், பின்னாளில் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை ஆகியோர் தெற்கு ரயில்வே ஊழியர்கள். ஆடவர் கூடைப்பந்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஓஎன்ஜிசி, ராணுவம், விமானப்படை எனப் பல நிறுவனங்கள் வீரர்களைப் பங்கிட்டுக்கொண்டன. பெண்களுக்கு அத்தனை வாசல்கள் இல்லை. நாட்டின் சிறந்த வீராங்கனைகள் ஒரே இடத்தில் குவிந்தது ரயில்வேயின் பேராசையால் நேர்ந்ததன்று. மற்றவர்கள் கதவைச் சாத்தியதால் நேர்ந்தது.

விளைவைக் கோப்பைப் பட்டியலிலேயே காணலாம். 2006–07இல் தொடங்கிய மகளிர் ஒருநாள் கோப்பையின் முதல் பன்னிரண்டு பருவங்களில் பதினொன்றை ரயில்வே வென்றது. 2011–12இல் மட்டும் டெல்லி. 2018–19இல் வங்காளம் வென்றது. 2022இல் வாரியம் பன்னாட்டு ஆட்டங்களுக்கு ஆண் பெண் இருபாலருக்கும் ஒரே ஆட்ட ஊதியம் என்று அறிவித்தது. 2023இல் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கியது. 2024–25இல் மத்தியப் பிரதேசம் முதன்முறையாகக் கோப்பையை ஏந்தியது. ஓராண்டு வெற்றியை மட்டும் வைத்துக் காரண காரியத்தை நிறுவிவிட முடியாது. ஆயினும் திசை புலப்படுகிறது: ஊதியமும் வாய்ப்பும் பல இடங்களுக்குப் பரவினால் போட்டியும் பரவும். ஏகபோகத்தை உடைக்கும் வழி அதுவே. வெல்பவரைப் பார்த்துக் கொட்டாவி விடுவது வழியாகாது.

பல்கலைக்கழகங்களில் இருப்போர் இவ்வாதத்தைத் தொலைவிலிருந்து கேட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. 2015இல் டெல்லியில் 'பிஞ்ச்ரா தோட்' இயக்கம் எழுந்தது மாணவியர் விடுதிகளின் இரவுப் பூட்டை எதிர்த்து. அப்போது நூலகம் பேசப்பட்டது, நகரில் நடமாடும் உரிமை பேசப்பட்டது. ஆடுகளமும் அதே பூட்டுக்கு உட்பட்டதுதான். வகுப்பு மாலையில் முடிகிறது. ஆடவர் விளக்கொளியில் பயிற்சியைத் தொடங்கும் நேரத்தில் மாணவி விடுதி வாசலில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட கல்லூரியின் அணி, பயிற்சி நேரமும் முழுநேரப் பயிற்சியாளரும் சத்துணவும் கொடுக்கும் கல்லூரியிடம் ஐம்பது புள்ளி வேறுபாட்டில் தோற்றால், வென்ற அணியைப் பார்த்து 'சலிப்பூட்டுகிறீர்கள்' என்பது எவ்வகை நியாயம்? அந்தப் புள்ளிப்பலகையில் பதிவாகியிருப்பது தோற்ற கல்லூரி நிர்வாகத்தின் கணக்கு.

மேலோங்கிய அணி மற்றவர்களை அழிக்கிறதா என்பதற்கும் வரலாறு விடை சொல்லிவிட்டது. 98–38 என்று நசுக்கப்பட்ட மிசிசிப்பி ஸ்டேட் அணி கலைந்து போகவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2017 மார்ச் 31 அன்று, தொடர்ந்து 111 ஆட்டங்களை வென்று வந்த அதே கனெக்டிகட் அணியை அரையிறுதியில் சந்தித்தது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் மார்கன் வில்லியம் என்ற உயரம் குறைந்த ஆட்டக்காரி எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது: 66–64. அந்த ஒரு எறிதலுக்கு அத்தனை கனம் வந்தது அதற்கு முந்தைய 111 வெற்றிகளால். பம்பாயின் பதினைந்து ஆண்டுகள் இல்லையென்றால் 1974இல் கர்நாடகத்தின் முதல் ரஞ்சி வெற்றி வெறும் ஒரு வெற்றியாகவே இருந்திருக்கும். உயர்ந்த அளவுகோல் ஒன்று நின்றால்தான் அதை எட்ட முயல்வோர் உருவாகிறார்கள்.

கடைசியாக ஓர் எண். 2024 ஏப்ரலில் நடந்த அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதிப் போட்டியை ஏறத்தாழ 1.89 கோடிப் பேர் பார்த்தனர். அவ்வாண்டு ஆடவர் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1.48 கோடி. பெண்கள் இறுதியில் வென்ற தென் கரோலினா அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை, 38க்கு 38. அயோவா அணியின் கேட்லின் கிளார்க்கைப் பார்க்கவே பெருங்கூட்டம் வந்தது என்பது உண்மை. அதுவும் இந்த வாதத்துக்கே வலு சேர்க்கிறது: ஆட்டக்காரியின் பெயரும் கதையும் திறனும் மக்களுக்குத் தெரிந்தபோது, எதிரே தோல்வியறியாத அணி நிற்பது எவரையும் விரட்டவில்லை. ஊடகம் அவர்களை அறிமுகப்படுத்தியிருந்தது, மக்கள் பார்த்தார்கள்.

ஆகவே, தொடர்ந்து வெல்லும் பெண்கள் அணி சலிப்பூட்டுகிறது என்பவர்களிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. அந்த அணியில் ஆடும் ஐவரின் பெயரைச் சொல்ல முடியுமா? தம் பல்கலைக்கழகப் பெண்கள் அணி கடைசியாக எப்போது, யாரோடு ஆடியது என்று தெரியுமா? தம் கல்லூரி ஆடுகளத்தில் மாலை ஆறு மணிக்குப் பின் மாணவியர்க்கு இடமுண்டா? இவற்றுக்கு விடை சொல்ல இயன்றவர், தாராளமாகச் சலித்துக்கொள்ளலாம். அவர் பார்த்துவிட்டுச் சலிக்கிறார். மற்றவர்கள் இன்னும் பார்க்கவே தொடங்கவில்லை.